பேணுவோனுக்கு அபராதமா?

ஒருவன் தன் பொருள் கொடுத்து வாங்கிய யந்திரத்தைத் தன் கையாலோ, தான் நம்பிய தொழிலாளியின் கையாலோ திருத்திக்கொள்ளவும் காப்பாற்றிக்கொள்ளவும் அவனுக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமைக்கு எல்லை யாது? அவ்வெல்லைக்குள் ஒழுங்காக நடப்பவனைச் சர்க்கார் எவ்வாறு நடத்த வேண்டும்? இம்மூன்று கேள்விகளையும் ஜப்பான் தேசம் சுமார் ஐம்பது ஆண்டுகளாக ஒரு விசித்திரமான பொருளை முன்னிட்டு விசாரித்து வந்திருக்கிறது. அப்பொருள், அந்நாட்டிற் செய்யப்பட்ட வேக மோட்டார் கார்கள்.

வேகக் காரைப் பற்றியும் ஒரு தலையங்கமா என்று அன்பர்கள் சிலர் நகைக்கலாம். அது பணக்கார வாலிபரின் விளையாட்டுத்தானே என்றும் கேட்கலாம். விளையாட்டும் அதில் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்விளையாட்டின் அடியில் கிடப்பது பிரஜையின் சொத்துரிமை, கைத்தொழிலாளியின் ஜீவனம், சர்க்காரின் வரி நீதி ஆகிய மூன்றுமாம். அற்பமென்று தோன்றும் வழக்குகளிலேதான் பெரிய நியாயங்கள் நிர்ணயமாகின்றன என்பது நியாயஸ்தலங்களைப் பார்த்தவர்க்குத் தெரியாததன்று.

சுருங்கச் சொன்னால் வழக்கு இது. 1989இல் கட்டப்பட்ட கார் ஒன்றை ஜப்பானியர் ஒருவர் இன்றளவும் பேணி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுக்கு ஒரு முறை அவர் அதைப் பரீட்சைக்குக் கொண்டு செல்கிறார். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு நேராக எரிகிறதா, புகை அளவுக்கு உட்பட்டதா, சப்தம் வரம்புக்கு உட்பட்டதா என்றெல்லாம் சோதித்து, ‘இவ்வண்டி சாலையில் ஓடத் தக்கது’ என்று சட்டப்படி அத்தாட்சி கொடுக்கிறார்கள். அதே வண்டிக்கு, ‘இது பழையது, ஆகையால் அதிக வரி கட்டு’ என்று வேறொரு சீட்டும் வருகிறது. ஒரு கை நற்சாட்சிப் பத்திரம் நீட்ட, மறு கை அபராதம் விதிக்கிறது. இது நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம். காரணங்களைச் சொல்லுமுன் இக்கார்களின் வரலாற்றைச் சிறிது விவரித்தல் அவசியம்.

ஜப்பானிய மோட்டார் தொழிலின் சரித்திரத்தில் 1989 முதல் 1993 வரையுள்ள காலம் தனிச் சிறப்புடையது. 1989இல் நிஸ்ஸான் கம்பெனி ஸ்கைலைன் ஜி.டி.ஆர். என்ற பெயரை ஆர்-32 என்னும் வண்டியிலே மீண்டும் எழுப்பிற்று. அதே ஆண்டில் மாஸ்டா கம்பெனி ரோட்ஸ்டர் என்னும் எளிய இருவர் காரை வெளியிட்டது. 1990இல் ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ்., 1991இல் மாஸ்டாவின் மூன்றாந் தலைமுறை ஆர்.எக்ஸ்.-7, 1992இல் சுபாருவின் இம்ப்ரெஸா, மிட்சுபிஷியின் லான்ஸர் எவொல்யூஷன், 1993இல் டொயோட்டாவின் நான்காந் தலைமுறை சுப்ரா என்று வரிசையாக வந்தன. ஐந்தாண்டுக்குள் இத்தனை வண்டிகளை ஒரே தேசம் உலகுக்கு அளித்தது வியக்கத்தக்க விஷயமே.

இவ்வண்டிகளில் ஒரு ரகசியம் இருந்தது. 1989 முதல் ஜப்பானியக் கம்பெனிகள், எந்தக் காருக்கும் 280 குதிரைச் சக்திக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. இது சட்டமன்று, சாலை விபத்துக்களைக் கண்டு சர்க்கார் கவலை கொண்ட காலத்தில் கம்பெனிகள் தாமே ஏற்ற கட்டுப்பாடு. 2004இல் ஹோண்டா கம்பெனி 300 குதிரைச் சக்தியுள்ள லெஜெண்ட் காரை வெளியிடும் வரை இது நிலைத்தது. ஆனால் காகிதத்தில் 280 என்று எழுதிய கம்பெனிகள் இஞ்சினை அக்கணக்குக்குத் தகச் சுருக்கிக் கட்டவில்லை. ஆர்-32 வண்டியின் இஞ்சின் மோட்டார் பந்தயத்துக்காகவே வகுக்கப்பட்டது. அக்காலப் பந்தய விதிப்படி டர்போ பூட்டிய இஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆற் பெருக்கி வண்டியின் வகுப்பை நிர்ணயிப்பார்கள். நாலரை லிட்டர் வகுப்பில் நின்றால் அகன்ற டயர் போடலாம். இக்கணக்கை முன்வைத்தே அதன் கொள்ளளவை 2.6 லிட்டராக அமைத்தார்கள். 1990 முதல் 1993 வரை ஜப்பானியப் பந்தயத் தொடரில் அவ்வண்டி ஓடிய 29 பந்தயங்களிலும் வெற்றி அதற்கே. சுப்ராவின் மூன்று லிட்டர் இஞ்சினோ, உள்ளுறுப்புக்களை மாற்றாமலே காகிதக் கணக்கைப் போல் இரு மடங்கு சக்தியைத் தாங்கும் என்று கைதேர்ந்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஆகவே கம்பெனிகளே உள்ளே வைத்துப் பூட்டிய சக்தியைத் திறந்துவிடுவது ஒரு தொழிலாகத் தழைத்தது. யமஹா கம்பெனியில் யந்திர நிபுணராயிருந்த ஹாஸெகாவா ஹிரோயுகி என்பவர் 1973இல் ஃபூஜி மலையடிவாரத்தில் எச்.கே.எஸ். என்ற பட்டறையைத் தொடங்கினார். சாதாரணக் காரில் பின்னர்ப் பொருத்தக்கூடிய டர்போ கருவியை அடுத்த ஆண்டிலேயே செய்தார். சிறு பட்டறையாய்த் தொடங்கிய அது பின்பு பங்குச் சந்தையிற் பதிவான பெருங் கம்பெனியாயிற்று. அமெமியா இஸாமி என்பவர் மாஸ்டாவின் சுழலும் இஞ்சின் ஒன்றையே ஆயுட்கால வித்தையாகக் கொண்டு 1970களிலிருந்து பட்டறை நடத்திப் பெயர் பெற்றார். 1983இல் இத்தொழிலாளரின் கைவேலைகளைக் காட்டத் தோக்கியோவில் ஒரு கண்காட்சி ஆரம்பமாயிற்று. ஆதியில் பெருங் கம்பெனிகளின் கண்ணுக்கு அது ஒழுங்கீனமான பிள்ளைகளின் கூட்டமாய்த் தோன்றியது. இன்று ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் அக்கண்காட்சியில் அதே கம்பெனிகள் முன்னிடம் பிடித்துத் தம் வண்டிகளைக் காட்டுகின்றன. காலம் செய்யும் கூத்து!

நிற்க. சட்டம் இவர்களை எவ்வாறு நடத்திற்று என்பதைப் பார்ப்போம். ஜப்பானில் மோட்டார் வண்டிகளை ஆளும் மூலச் சட்டம் 1951இல் ஏற்பட்டது. அதன்படி ஒவ்வொரு காரும் ‘ஷாக்கென்’ என்னும் பரீட்சையில் தேற வேண்டும். நம் ஊர் லாரிக்காரர்கள் எப்.ஸி. என்று சொல்லுவதைப் போன்றது என்று கொள்ளலாம். புதிய காருக்கு மூன்று ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் அது நடக்கிறது. முன்னெல்லாம் பத்தாண்டு கடந்த காரை ஆண்டுதோறும் காட்ட வேண்டியிருந்தது. உயரத்தையோ அகலத்தையோ சிறிது மாற்றினாலும் தனி அனுமதி பெற வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இருந்தது. அதன் பலனாக, நல்ல ஸ்பிரிங் ஒன்று போட்டுக்கொண்டவனும், நள்ளிரவில் தெருவிற் பந்தயம் விட்டவனும் சட்டத்தின் முன் ஏறக்குறைய ஒரே குற்றவாளியாய் நின்றார்கள்.

1995இல் இந்நிலை மாறிற்று. பத்தாண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் பரீட்சை என்ற விதி எடுபட்டது. குறிப்பிட்ட உறுப்புக்களை மாற்றும்போது வண்டியின் நீளம் 3 சென்டிமீட்டர், அகலம் 2 சென்டிமீட்டர், உயரம் 4 சென்டிமீட்டர் என்ற அளவுக்குள் வேறுபட்டால் தனி அனுமதி வேண்டாம் என்றும் ஏற்பட்டது. இவ்விடுதலை எவ்வாறு வந்தது? தன் பிரஜைகளின் குறையைக் கேட்டு மனமிரங்கி மட்டும் ஜப்பானிய சர்க்கார் இதைச் செய்ததாகச் சொல்லுவதற்கில்லை. அவ்வாண்டில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் மோட்டார் வியாபாரம் பற்றி நடந்த கடும் பேச்சில், தம் நாட்டு உதிரி உறுப்புக்கள் ஜப்பானில் விற்க வேண்டும் என்பதற்காக அமெரிக்கர் இவ்விதிகளைத் தளர்த்தும்படி வற்புறுத்தினார்கள். சொந்தப் பிரஜை பல்லாண்டு கேட்டுப் பெறாததை அயல் வியாபாரி ஒரு மேஜைப் பேச்சில் பெற்றுக் கொடுத்தான். இதில் ஜப்பானிய ஆட்சியாளர் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. ஆயினும், எவ்வாறு வந்தாலும் நல்லது நல்லதே.

அவ்விடுதலை வரம்பில்லாத விடுதலையன்று என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. சைலன்ஸரின் சப்தத்துக்கு அளவு உண்டு. 2010 ஏப்ரலுக்குப் பின் கட்டப்பட்ட கார்களில் அங்கீகாரம் பெற்ற மாற்று சைலன்ஸரைத்தான் பொருத்தலாம். புகையைச் சுத்தி செய்யும் கருவியைக் கழற்றுவது குற்றம். சட்டத்துக்கு மாறாக வண்டியைத் திருத்திக் கொடுப்பவனுக்கு 6 மாதம் வரை சிறையோ, 3 லட்சம் யென் வரை அபராதமோ கிடைக்கும். இவை கடுமையல்ல, நியாயமான வரம்புகள். உரிமை இன்னது, எல்லை இன்னது என்று தெளிவாக எழுதி வைத்துவிட்டால், நேர்மையான பட்டறைக்காரன் பயமின்றிப் பலகை மாட்டித் தொழில் செய்யலாம். தெளிவில்லாத சட்டமே திருட்டுத் தொழிலுக்குத் தாய்.

இனி, இத்தொழிலின் உண்மையான தன்மையை அறியாதவர்கள், வண்டியைத் திருத்துவதென்றால் பெருஞ் சப்தமும் வர்ணப் பூச்சுமே என்று எண்ணுகிறார்கள். அது தவறு. இவ்வண்டிகளுக்கு இன்று முப்பது வயதுக்கு மேலாகிறது. ஆகவே கைதேர்ந்த பட்டறையில் முதல் கேள்வி, ‘எவ்வளவு சக்தி வேண்டும்?’ என்பதன்று, ‘இருப்பது சரியாக இருக்கிறதா?’ என்பதே. டைமிங் பெல்ட் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? ரேடியேட்டர் குளிர வைக்கிறதா? சக்கரங்களைத் தாங்கும் கரங்களின் ரப்பர் புஷ்கள் வெடித்துவிட்டனவா? பிரேக் ஹோஸ் உப்பியிருக்கிறதா? ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கம் ஒரே அளவாய் நிற்கிறதா? இவற்றைப் பாராமல் சக்தியைக் கூட்டுபவன், அஸ்திவாரம் பார்க்காமல் மாடி கட்டுகிறவனுக்குச் சமானமானவன்.

உதாரணமாக ஆர்.எக்ஸ்.-7 காரை எடுத்துக்கொள்வோம். அதில் மேலுங் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவமான சுழலி ஒன்று அறைக்குள் சுழல்கிறது. அம்முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு நின்று, அமுக்கத்தை வெளியே விடாமல் காக்கிறது. அத்தகட்டுக்கு வழவழப்புக் கொடுக்க இஞ்சின் தானே சிறிது ஆயிலை எரிக்கிறது. ஆகையால் ஆயில் குறைவதைக் கண்டு பயப்படாமலும், குறைந்த ஆயிலை ஊற்ற மறவாமலும் இருக்க வேண்டும். ஒருமுறை அளவுக்கு மேல் சூடேறினால் உள்ளிருக்கும் அடைப்புக்கள் கெட்டு, இஞ்சினையே பிரிக்க நேரிடும். இரண்டு டர்போக்களை ஒன்றன்பின் ஒன்றாக வேலை வாங்குவதற்காகப் பல ரப்பர்க் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. அவை முப்பதாண்டுச் சூட்டில் கட்டையாய் இறுகிப்போகின்றன. அவற்றில் ஒன்று வெடித்தாலும் இரண்டாவது டர்போ வேலை செய்யாது. ‘வண்டியில் பலமில்லை’ என்று வருகிறவனுக்குப் புதிய டர்போ விற்பவன் வியாபாரி. ஒவ்வொரு குழாயாகப் பார்த்துப் பழுதான ஒன்றை மாற்றி அனுப்புகிறவனே மெக்கானிக்.

ஆர்-32 வண்டிக்கும் அதற்குரிய நோய்கள் உண்டு. ஆரம்ப காலத்து இஞ்சின்களில் ஆயில் பம்பைச் சுழற்றும் பாகம் குறுகலாய் அமைந்ததால், அதிவேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் பம்பே உடையும். அதன் டர்போவில் இலேசாயிருக்கும் பொருட்டு ஸெராமிக் சக்கரம் வைத்தார்கள். காற்றழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சக்கரம் சிதறிவிடும். அழுத்தத்தைக் கூட்டுவதென்பது திருகு ஒன்றைத் திருகும் காரியமாய்த் தோன்றும். ஆனால் காற்று கூடினால் அதற்குத் தகப் பெட்ரோல் கூட வேண்டும்; பெட்ரோல் கூட வேண்டுமாயின் பம்பும் தெளிப்பானும் பெரிதாக வேண்டும்; பொறி விழும் நேரம் தள்ளிப்போக வேண்டும்; காற்றைக் குளிர்விக்கும் கருவி விசாலமாக வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எரிவாயு காலந் தப்பி வெடித்துப் பிஸ்டனை உருக்கிவிடும். அதற்கும் முன்பாகப் பிரேக், டயர், ஸ்பிரிங் ஆகியவற்றை உறுதி செய்தல் வேண்டும். முதலில் நிற்கட்டும், பிறகு திரும்பட்டும், அதன் பிறகு ஓடட்டும். இம்முறையை அறிந்தவன் கையில் திருத்தம் என்பது பராமரிப்பின் தொடர்ச்சியே.

இனி எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். தோக்கியோவின் மேம்பாலச் சாலைகளில் நள்ளிரவில் வட்டமிட்டுப் பந்தயம் விட்டவர்கள் உண்டு. மலைப்பாதைகளில் சறுக்கி ஓட்டிக் கிராமத்தாரின் தூக்கத்தைக் கெடுத்தவர்களும் உண்டு. யோக்கஹாமாவின் அருகே டைக்கொக்கு என்னும் வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டங் கூடி இரைச்சலிட்டதால், போலீஸார் அதை அடிக்கடி மூடும்படி ஆயிற்று. இவர்களுக்காக நாம் வாதாடவில்லை. பொதுச் சாலை பொது ஜனங்களுடையது. அதில் பிறர் உயிரைப் பணயம் வைப்பவன் எவ்வளவு திறமையுடையவனாயினும் குற்றவாளியே. ஓட்டிப் பார்க்கும் ஆசையுள்ளவனுக்கு ஸுக்குபாவில் 1970 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சிறிது மேற்பட்ட அத்தடத்தை ஒரு நிமிஷத்துக்குள் சுற்றுவதையே தம் கைத்திறனுக்கு உரைகல்லாகப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். சறுக்கி ஓட்டுவதற்கும் 2001 முதல் முறையான போட்டித் தொடர் நடக்கிறது. மலைப்பாதையில் திருட்டுத்தனமாய் நடந்ததைத் தடத்துக்குக் கொண்டுவந்து விதியும் மத்தியஸ்தரும் வைத்தது, தண்டனையால் மட்டும் ஆகாத நற்காரியம்.

ஆனால் சிலர் செய்த குற்றத்துக்காக எல்லாரையும் தண்டிப்பது நீதியாகாது. இங்கேதான் நாம் ஆரம்பத்திற் குறித்த வரி வருகிறது. ஜப்பானில் ஆண்டுதோறும் மோட்டார் வரி கட்ட வேண்டும். பெட்ரோல் கார் பதிவாகி 13 ஆண்டு கடந்தால் அவ்வரி ஏறுகிறது. ஆதியில் ஏற்றம் நூற்றுக்குப் பத்தாயிருந்தது. பின்னர் சுமார் பதினைந்தாக உயர்த்தப்பட்டது. எடைக்கேற்ப வசூலிக்கும் மற்றொரு வரியும் 13 ஆண்டிலும், மறுபடி 18 ஆண்டிலும் ஏறுகிறது. பழைய வண்டி காற்றைக் கெடுக்கிறது. புதிய வண்டிக்கு ஜனங்களைத் தூண்ட வேண்டும் என்பது சர்க்கார் கூறும் சமாதானம்.

நோக்கம் நல்லதே; வழிதான் பிசகு. ஒரு வண்டி காற்றை எவ்வளவு கெடுக்கிறது என்பது அதன் பிறந்த தேதியினால் மட்டும் நிர்ணயமாவதன்று. எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்விதம் பேணப்படுகிறது என்பதும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வெளியே எடுக்கப்படும் ஆர்.எக்ஸ்.-7 காரும், நாள் முழுதும் ஓயாமல் ஓடும் வேறொரு பழைய காரும் இவ்வரியின் முன் ஒன்றே. ஓட்டத்துக்கேற்பத் தண்டம் விதிக்கப் பெட்ரோல் வரி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதிகம் எரிப்பவன் அதிகம் கட்டுகிறான். அதுவே நியாயமான அளவுகோல். அன்றியும், புதிய கார் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. இரும்பு உருக்க நெருப்பு வேண்டும். அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டியை உடைத்துப் புதியது செய்வதில் எழும் புகையை இக்கணக்கில் யார் சேர்த்தார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலாக, 1995இல் இதே ஆட்சியாளர், பத்தாண்டு கடந்த கார் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டிய அபாயமன்று என்று ஒப்புக்கொண்டார்களே! அபாயமல்லாத வண்டியின் புகையையும் தாமே குழாயிலிட்டு அளந்து, ‘தேறியது’ என்று முத்திரை குத்துகிறார்களே! விசாரித்து விடுதலை செய்தவனை நியாயஸ்தலத்தின் வாசலில் மறித்து, ‘உனக்கு வயதாகிவிட்டது, அபராதம் கட்டு’ என்று கேட்பதற்கு இது ஒப்பாகும். ஜெர்மனி தேசத்தில் முப்பதாண்டு கடந்து மூல நிலையிற் பேணப்படும் காருக்குத் தனி நம்பர்ப் பலகை கொடுத்து, வரியையும் ஒரே சீரான தொகையாக வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் நாற்பதாண்டு கடந்த வண்டிக்கு மோட்டார் வரியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவ்விரு தேசத்தாருக்கும் காற்றைப் பற்றிக் கவலையில்லையா? பழைய யந்திரமும் தேசத்தின் தொழிற் சரித்திரம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள், அவ்வளவே.

இவ்வரியின் பலன் என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டு விதிகளுக்கு இணங்கக் கட்டப்படாத கார் 25 ஆண்டு கடந்த பின்னரே தடையின்றி உள்ளே வரலாம். 1989ஆம் ஆண்டு ஆர்-32 வண்டிக்கு அக்கதவு 2014இல் திறந்தது. 1999ஆம் ஆண்டு ஆர்-34 வண்டிக்கு 2024இல் திறந்தது. விலை ஏறிற்று. ஒரு காலத்தில் சம்பளக்கார வாலிபன் கடன் வாங்கியேனும் பெறக்கூடியதாயிருந்த வண்டி இன்று அவன் கைக்கு எட்டாததாயிற்று. பிறந்த தேசத்தில் வரி தள்ளுகிறது. அயல் தேசத்தில் பணம் இழுக்கிறது. வண்டி கப்பலேறுகிறது. தன் தொழிலாளர் செய்த உயர்ந்த வேலைப்பாட்டை உள்ளூரிற் பழைய இரும்பென்று கருதி வெளியேற்றிய தேசம், பின்னர் அதை அயலார் காட்சிசாலையில் கண்டு ஏங்க வேண்டியதுதான்.

கம்பெனிகளுக்கும் இதில் கடமை உண்டு. கார் செய்து விற்றதோடு தம் பொறுப்பு தீர்ந்தது என்று நெடுநாள் இருந்தார்கள். பிறகு சிறிது விழிப்பு உண்டாயிற்று. 2017இல் நிஸ்ஸான் கம்பெனியின் பந்தயப் பிரிவு ஆர்-32 வண்டிக்கு நின்றுபோன உறுப்புக்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் மாஸ்டா கம்பெனி முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் பிரித்துப் புதிதாக்கித் தரும் வேலையை ஏற்றது. 2020இல் டொயோட்டாவும் பழைய சுப்ராவுக்கு உறுப்புக்கள் செய்யலாயிற்று. இவற்றை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பேர்பெற்ற சில வண்டிகளோடு இது நின்றுவிடலாகாது. பேரில்லாத காரை வைத்திருப்பவனும் பிரஜைதான்.

புதிய கார்களிலோ வேறொரு பூட்டு வந்திருக்கிறது. முன்னே திருகாணியில் இருந்த அதிகாரம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. 2007இல் வந்த ஆர்-35 வண்டி, தான் பந்தயத் தடத்தில் நிற்பதை விண்கோளின் மூலம் அறிந்தால்தான் 180 கிலோமீட்டர் வேகத் தடையை நீக்க இடங்கொடுக்கும். இதை யுக்தியென்று மெச்சலாம். ஆனால், சொந்தக்காரன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து அனுமதி கொடுக்கும் யந்திரத்துக்கு யார் எஜமானன் என்ற கேள்வியும் உடனே எழுகிறது. 2020 முதல், உணர்கருவிகளைச் சரிசெய்யும் வேலைக்குப் பட்டறைகள் தனி அங்கீகாரம் பெற வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் புது மாதிரிக் கார்களின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளையும் பரீட்சையிற் பார்க்கிறார்கள். பாதுகாப்புக்கு இவை வேண்டியவையே. ஆனால் கருவிகளும் விவரங்களும் சிறு பட்டறைக்காரனுக்கும் நியாய விலையிற் கிடைக்காவிட்டால், தொழில் முழுதும் பெருங் கம்பெனிகளின் வாசலுக்குள் ஒடுங்கிவிடும். ஏற்கெனவே ஜப்பானில் மெக்கானிக் தொழில் கற்க வரும் வாலிபர் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. முதியவர் கை ஓய்ந்தபின், சுழலும் இஞ்சினின் தகட்டை அளந்து பார்க்கத் தெரிந்தவன் எங்கே கிடைப்பான்? உறுப்பை மறுபடி வார்க்கலாம். கைப்பழக்கத்தை வார்ப்பதற்கு அச்சு கிடையாது.

‘எப்படியும் இனி மின்சார வண்டிக் காலம், இப்பழையனவற்றால் என்ன பயன்?’ என்பார்க்கு ஒரு செய்தி. 2023ஆம் ஆண்டுத் தோக்கியோ கண்காட்சியில் டொயோட்டா கம்பெனி, 1980களில் வந்த ஏ.இ.-86 என்னும் தன் சிறு கார்கள் இரண்டை வைத்தது. ஒன்று ஹைட்ரஜனை எரித்து ஓடுவது. மற்றொன்று மின்சாரத்தில் ஓடுவது. பழைய உடலில் புதிய உயிர் பெய்த இவ்வேலை, பட்டறைக்காரன் ஐம்பதாண்டாய்ச் செய்துவந்த திருத்தமேயன்றி வேறென்ன? புதுமைக்குப் பகையென்று எதை எண்ணினார்களோ, அதுவே புதுமைக்குப் பாதையாயிற்று.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. பரீட்சையில் தேறிய வண்டிக்கு வயதின் பொருட்டு விதிக்கும் மிகை வரி நீங்க வேண்டும். ஓட்டத்துக்குத் தக வரி போதும். 1995இல் ஏற்பட்ட திருத்தும் உரிமை, புதிய கம்ப்யூட்டர் விதிகளின் பெயரால் பின்வாசல் வழியே பறிபோகாதிருக்க வேண்டும். கம்பெனிகள் உறுப்புக்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் சொந்தக்காரனுக்கும் சிறு பட்டறைக்கும் மறைக்காது கொடுக்க வேண்டும். இவற்றுக்கு ஈடாக, இவ்வண்டி வைத்திருப்போரும் பொதுச் சாலையில் பொது ஜனங்களின் உறக்கத்தையும் உயிரையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள். கடமையை மறந்தவன் கையில் உரிமை நெடுநாள் தங்குவதில்லை.

வாங்கி எறிபவன் மரியாதைக்குரிய பிரஜையாகவும், பேணி வைப்பவன் சந்தேகத்துக்குரியவனாகவும் கருதப்படும் தேசத்தில் கைத்தொழில் செழிக்காது. யந்திரத்தைச் செய்வதில் உலகோர் மெச்ச நின்ற ஜப்பானியர், அதைப் பேணுவோனை மதிப்பதிலும் அவ்வாறே நிற்பார்களாக.